அருளப்பன் சாரும் முழங்கால் ஆழத் தண்ணீரும்

செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதை மறைத்து எழுதிப் பயனில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமும் இருக்காது. அன்னவாசலில் அவர் வீட்டுத் தோட்டத்துக் குளத்தில், குறுக்கே போட்ட பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, துரட்டியை நீட்டி, பழுத்துப்போன ஓர் அல்லி இலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இலை வருவேனா என்றது. கரையில் வைத்திருந்த போன் அடித்தது. பலகையில் பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து எடுத்தேன். அவருடைய மகள் ஜெனிதா.

"டீச்சர், அப்பா போயிட்டாங்க" என்றாள்.

முந்தின நாள் சாயங்காலம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நான் பார்த்துவிட்டு வந்த மனிதர். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதும் இட்லி வேண்டாம், இடியாப்பம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர். ஜெனிதாவே சொன்னாள்: "விடியக்காலைல கொஞ்சம் தெளிவா இருந்தாங்க. எலையெல்லாம் எடுத்தாச்சான்னு ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. தூங்குவீங்களேன்னு நான்தான் போன் போடல." அந்த இலையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளம் முழங்கால் ஆழம்தான். இறங்கி நின்றால் பழுத்த இலைகளைக் கையால் பறித்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம். ஆனால் அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது அருளப்பன் சார் போட்ட சட்டம். அந்தச் சட்டத்துக்காகத்தான் அவர் செத்தார் என்பது என் கட்சி. ஊரில் வேறு விதமாகச் சொல்கிறார்கள். வயசாகிவிட்டது, தவறி விழுந்தார், ஆண்டவர் கூப்பிட்டுக்கொண்டார் என்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றவள். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவரும் நானும் ஒரே அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவர் இயற்பியல், நான் கணக்கு. வீடும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு மதில், அதுவும் இடுப்பு உயரம்தான். ஆசிரியர் அறையில் ஆரம்பிக்கிற வாக்குவாதத்தை, வீட்டுக்கு வந்து மதில்மேல் கைவைத்து நின்று முடித்துக்கொள்ள வசதியாக இருந்தது. முடிந்தது என்று எதைச் சொல்வது, மறுநாள் காலையில் அதே இடத்திலிருந்து தொடங்குவார்.

இதைப் படிக்கிற பழைய மாணவர்களும் சக ஆசிரியர்களும் கொஞ்சம் மனசாட்சியோடு படிக்கவும். உங்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் அல்லிச் செடி வாங்கிப் போனவர்கள். வாங்கிப் போய்ச் சாகடித்தவர்கள். ஒருவர் தேங்காய்நார்க் கழிவைப் போட்டு நட்டார். மறுநாள் தொட்டி முழுக்க நார் மிதந்தது, அதற்கு மேலே செடி மிதந்தது. ஒருவர் வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் வைத்து அழகு பார்த்தார். இன்னொரு டீச்சர் தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாத்திரம் தேய்க்கிற மாதிரி தொட்டியைத் தேய்த்தார். சார் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பார்ப்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "வெயில்ல வச்சீங்களா, நெழல்ல வச்சீங்களா?" என்று ஆரம்பிப்பார். அவர்களுக்குப் பாயசம் தொண்டையில் இறங்காது. "அல்லிக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். கனமான களிமண்ணு, நல்ல வெயிலு, கலங்காத தண்ணி. நம்ம தொந்தரவு இருக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்பார். சொல்லுகிற இவர்தான் அந்தச் செடிகளுக்கு நாள் முழுக்கத் தொந்தரவு.

வீடு கட்டியபோது, எல்லாரும் கார் நிறுத்த விடுகிற இடத்தில் அவர் பள்ளம் தோண்டச் சொன்னார். "சார், செப்டிக் டேங்க் வாசப்பக்கம் வருதே?" என்றார் கொத்தனார். குளம் என்று பதில் வந்ததும் கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் தெரு முழுக்கக் குடம் வரிசை கட்டுகிற ஊர் இது. இங்கே ஒரு மனிதர் பூவுக்காகக் குளம் வெட்டுகிறார். "குடிக்கவே தண்ணியக் காணோம், வாத்தியாருக்குப் பூவு கேக்குதாம்" என்று தெருவே பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மொட்டைமாடியில் விழுகிற மழைத்தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குழாய் வைத்துக் குளத்துக்கு இறக்கினார். கோடையில் போர் வற்றிப்போனால் தான் குளிப்பதை அரை வாளியாகக் குறைத்துக்கொண்டார். அவர் வீட்டம்மா அப்போது உயிரோடு இருந்தார். "இந்த மனுசன் என்னையக் கட்டுனதுக்கு ஒரு தவளையக் கட்டியிருக்கலாம்" என்று என்னிடம் மதில்மேல் சொல்லிவிட்டுப் போவார். நான் அந்தம்மா கட்சி.

குளத்துக்கு முதல் செடி வந்த கதையும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் டிபன் டப்பாவில் வந்தது. தேர்தல் வேலை முடிந்து காலையில் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். விராலிமலையைத் தாண்டியதும் ரோட்டோரக் குட்டை ஒன்றில் வெள்ளை அல்லி பூத்துக் கிடந்தது. "நிப்பாட்டுங்க" என்று இவர் போட்ட சத்தத்தில், யாருக்கோ மயக்கம் என்று நினைத்துக் கண்டக்டர் விசிலடித்துவிட்டார். இவருடைய பை என் மடியில் இருந்தது. அதனால் நானும் இறங்கவேண்டியதாயிற்று. பஸ் போய்விட்டது. எருமைகள் படுத்துக் கிடந்த அந்தக் குட்டையில், வெள்ளைச் சட்டையும் அதுவுமாக இடுப்பளவு இறங்கி, காலால் சேற்றைத் துழாவி, கிழங்கைக் கிளப்பி எடுத்தார். "டீச்சர், டப்பா காலிதானே?" என்றார். அதற்குப் பிறகு அந்த டப்பாவில் நான் சோறு கொண்டுபோகவில்லை.

எருமைக் குட்டையில் இடுப்பளவு இறங்கின இதே மனிதர்தான் தன் வீட்டுக் குளத்தில் முழங்கால் நனைய மாட்டேன் என்று கடைசிவரை நின்றவர். ஆவூருக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊர். அங்கே குடிதண்ணீருக்கு ஊரணி. செருப்பை மேட்டிலேயே விட்டுவிட்டு, காய்ந்த கடைசிப் படிவரைக்கும் போய், குனிந்து குடத்தை முக்கிக்கொண்டு வரவேண்டும். தண்ணீரில் கால் படக்கூடாது. அந்த வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து, தவளையும் நத்தையும் குடியிருக்கிற தோட்டத்துக் குளத்துக்குப் போட்டுவிட்டார்.

"ஊரணில கால் வச்சவன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க டீச்சர்."

"ஒங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிப் பொண்ணே காலேஜ் போகுதே சார். எறங்குங்க."

"கால் வச்சா வண்டல் கலங்கும். கலங்குனா பாசி பிடிக்கும்."

"ஒரு நாள்ல தெளிஞ்சிரும். யாரு சார் இதைக் குடிக்கப்போறா?"

"குடிக்க வேணாம். குடிக்கலாம்ங்கிற மாதிரி இருக்கணும்."

கணக்கு டீச்சருக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அந்தச் சட்டத்தால் வேலை எவ்வளவு இழுக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பழுத்த இலை எடுப்பதற்குப் பலகை, துரட்டி. வருஷத்துக்கு ஒருமுறை, தை பிறந்ததும், குளத்துக்குள் இறக்கி வைத்திருக்கிற அல்லித் தொட்டிகளை வெளியே எடுத்து, கிழங்கைப் பிரித்து, பழைய மண்ணைக் கொட்டி, கண்மாய்க் களிமண் போட்டு, மீன் கிளறாமல் இருக்க மேலே கூழாங்கல் பரப்பி, திரும்ப இறக்க வேண்டும். இறங்கித் தூக்கினால் அரைமணி நேர வேலை. இவர் கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டிக் குளத்துக்குள் விடுவார். அந்தக் கரையில் அவர், இந்தக் கரையில் நான். அவர் இழுக்கும்போது நான் விடவேண்டும், நான் இழுக்கும்போது அவர் விடவேண்டும். அவர் விடமாட்டார். பொங்கல் விடுமுறையில் நிம்மதியாக இரண்டு நாள் உட்கார்ந்தோம் என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் கிடையாது.

எலும்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அல்லிக்கு எலும்புத்தூள் நல்லது, உரக்கடையில் கிடைக்கும். இவர் அதை வாங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்த வீடு எது என்று பார்த்துவைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் போய் "எலும்பு கெடக்கா?" என்று நிற்பார். கௌரவமான உத்தியோகத்தில் இருக்கிற மனிதர், கையில் பையோடு. அதைக் கழுவி, காயவைத்து, இடித்து, பழைய கேள்வித்தாளில் பொட்டலம் கட்டித் தொட்டி மண்ணுக்குள் செருகுவார். என் கணக்குக் கேள்வித்தாள்தான் வேண்டுமாம். மற்ற பாடத்துத் தாளெல்லாம் தண்ணீரில் சீக்கிரம் பிரிந்துவிடுகிறதாம்.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனோம். குகைக்குள்ளே கூரையில் தாமரைக் குளம் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியும். மீன், வாத்து, யானை, எருமை, நடுவில் பூப்பறிக்கிற ஆட்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பும்போதே இதற்காகக் காத்திருந்தேன்.

"சார், நல்லா அண்ணாந்து பாருங்க. தண்ணிக்குள்ள எறங்கி நின்னுதான் பறிக்கிறாங்க. ஒருத்தராவது பலகையில குப்புறப் படுத்திருக்காங்களா?"

கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தார். பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தார்கள்.

"கால் கழுவிட்டு எறங்கியிருப்பாங்க" என்றார்.

"எருமையுமா சார்?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கிற பழக்கம் ஏது? திரும்பி வருகிற வழியெல்லாம், பறிக்கிற ஆள் நிற்கிற பக்கம் வேறு, எருமை இறங்குகிற பக்கம் வேறு என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். அன்றைக்கு என் பக்கம்தான் நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

டெங்கு பரவிய ஒரு மழைக்காலத்தில், கொசு ஒழிப்பு வேலைக்கு வீடு வீடாக வந்த பெண் அந்தக் குளத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பகீரென்றது. மருந்தை ஊற்றப் போனாள். "மருந்து வேணாம்மா, உள்ள கப்பி மீன் கெடக்கு. புழு வந்தா அது தின்னுரும்" என்றார் இவர். அவள் நம்பவில்லை. தண்ணீரை மொண்டு பார்க்கக் கையில் அகப்பையோடு ஒரு காலை எட்டி வைத்தாள். "காலு, காலு" என்று இவர் போட்ட கூச்சலில் அகப்பை குளத்துக்குள் விழுந்துவிட்டது. பிறகென்ன, பாதாளக்கரண்டி, கயிறு, இந்தக் கரையில் நான். அகப்பை கிடைத்து, தண்ணீரை மொண்டு பார்த்ததில் ஒரு புழு இல்லை. அவளுக்குக் காபி கொடுத்து, ஒரு பையில் அல்லிக் கிழங்கும் நாலு மீனும் கொடுத்து அனுப்பினார். அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள். புழு அகப்பட்டது என் ஜன்னலில் மணிபிளாண்ட் வைத்திருந்த பாட்டிலில். மதிலுக்கு அந்தப் பக்கம் இவர் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். பேசியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டம்மா காலமான பிறகு ஜெனிதா அவரை அவ்வப்போது சென்னைக்குக் கூட்டிப்போவாள். போகும்போது குளத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போவார். போய்ச் சேர்ந்ததும் போன் வரும். நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கிடையாது. "டீச்சர், வெள்ளை அல்லி இன்னைக்கு எப்ப மூடுச்சு?" சமையல் வேலை கிடக்கிறது என்பேன். "சாயங்காலம் விரியுறப்பவாச்சும் பாத்துச் சொல்லுங்க" என்பார். இலையில் அசுவினிப் பூச்சி இருக்கிறதா, இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மீன் தின்னும், மருந்து அடித்துவிடாதீர்கள், பலகையைக் காயவைத்தீர்களா, இப்படிப் போகும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், எல்லாம் அழுகிப்போச்சு சார், நிம்மதியா இருங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் பையோடு தெருவில் வந்துகொண்டிருந்தார். "பொய் சொல்றீங்கன்னு தெரியும். இருந்தாலும் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். போகவில்லை. அதோடு சென்னை முடிந்தது.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து திருச்சியில் ஆபரேஷன் நடந்த சமயம், வந்து பார்த்தவர்கள் எல்லாரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் கூடியது. அருளப்பன் சார் ஒரு வார்த்தை தைரியம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தினமும் சாயங்காலம் மதில் அருகில் வந்து ஏதாவது ஒரு சண்டை போட்டார். என் செம்பருத்தி அவர் குளத்து வெயிலை மறைக்கிறதாம். நான் கோலம் போடத் தெளிக்கிற தண்ணீர் அவர் வாசலுக்கு ஓடிவருகிறதாம். நானும் இருந்த ஆத்திரத்தையெல்லாம் கொட்டிப் பதில் பேசினேன். என் வீட்டுக்காரர் உடம்பு தேறி வெளியே நடக்க ஆரம்பித்த அன்றைக்குத்தான், அந்தச் செம்பருத்தி குளத்துக்கு வடக்கே இருக்கிறது, அது எந்த வெயிலையும் மறைக்க முடியாது என்பது எனக்கு உறைத்தது. இயற்பியல் படித்த மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும். கேட்டதற்கு, "ஆமா, அது வடக்கதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் தையிலும் மண் மாற்ற வேண்டியிருந்தது. துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மாடிக்குப் போனேன். காத்திருந்தால் அவர் அருளப்பன் சார் இல்லையே. மாடியிலிருந்து பார்த்தால், கரையோரமாகப் பலகையில் நின்றுகொண்டு தனியாகவே கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார். "சார், விடுங்க" என்று கத்தினேன். கயிறு வழுக்கியது. தண்ணீர்ப் பக்கம்தான் சாய்ந்தார். அப்படியே விட்டிருந்தால் முழங்கால் தண்ணீரில் தொப்பென்று விழுந்து, நனைந்து, எழுந்து வந்திருப்பார். நான் ஒரு வாரம் சிரித்திருப்பேன். ஆனால் விழுகிற அந்த நொடியில் அவர் உடம்பை முறுக்கிக் கரைப்பக்கம் திருப்பினார். என் கண்ணால் பார்த்தேன். கரையில் பதித்திருந்த கருங்கல்லில் இடுப்பு அடித்து விழுந்தார்.

ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகம் வெளுத்துக் கிடந்தது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குள்ள விழல டீச்சர்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், இடுப்பு முறிந்து கிடக்கிற மனிதரை அப்போது எனக்கு அறையவேண்டும் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நன்றாகத்தான் செய்தார்கள். படுக்கையிலேயே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நான் போகிற நாளெல்லாம் திட்டினேன். தண்ணீர் என்ன அக்கினியா, நனைந்தால் கரைந்தா போய்விடுவீர்கள், இந்த வயசில் உங்களுக்கு யார் பெண் கொடுக்கவேண்டும் என்று காத்திருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டேன். ஒருநாள் நர்ஸ் அவரிடம், "இவங்க ஒங்க வீட்டம்மாவா?" என்று கேட்டாள். பக்கத்து வீடு என்றார். "பக்கத்து வீட்டுக்காரங்க இவ்வளவு திட்டுவாங்களா?" என்றாள். "இவங்க கணக்கு டீச்சர்" என்றார், அதுதான் காரணம் என்பது போல.

கடைசிச் சாயங்காலம், அந்த இடியாப்ப ரகளையெல்லாம் முடிந்த பிறகு சொன்னேன்: "நீங்க வீட்டுக்கு வாங்க. நாற்காலி போட்டு ஒங்களைக் கரையில உக்கார வச்சு, ஒங்க கண்ணு முன்னாடியே ரெண்டு காலையும் வச்சு எறங்குறேன். தொட்டியெல்லாத்தையும் நானே தூக்கிப்போடுறேன். என்ன செய்வீங்கன்னு பாக்குறேன்."

"வாரேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "வந்து பாத்துக்கிறேன், எப்படி எறங்குறீங்கன்னு" என்றார்.

வரவில்லை.

ஆவூரில் அடக்கம் நடந்தது. கூட்டம் தாங்கவில்லை. அவர் கொடுத்த செடியைச் சாகடித்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நல்ல சாவு, பெரிய கஷ்டமில்லாமல் போய்விட்டார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது நல்ல சாவு இல்லை, வீண் சாவு. இன்னும் பத்து வருஷம் என் உயிரை வாங்கியிருக்கவேண்டிய மனிதர். ஜெனிதா என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஜெனிதா வந்து மதில் அருகில் நின்றாள். வீட்டை வாடகைக்கு விடுகிறாள். வருகிறவர்களுக்குத் தவழ்கிற குழந்தை இருக்கிறது. "குளத்த மூடித்தான் ஆகணும் டீச்சர். வர்ற வாரம் மண்ணு லாரி வந்துரும். செடியெல்லாம் நீங்க எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் கண் குளத்தின் பக்கம் போகவில்லை. அவள்மேல் தவறு சொல்ல முடியாது. குழந்தை நடமாடுகிற வீட்டில் முழங்கால் தண்ணீரும் ஆபத்துதான். ஆனால் மண் மாற்றாமல் நின்றுபோன தொட்டிகளில் இலை சிறுத்துப் பழுத்துக்கொண்டிருந்தது. லாரி வருவதற்குள் கிழங்கு வெளியே வராவிட்டால், டிபன் டப்பாவில் வந்த அந்த வெள்ளை அல்லி மண்ணோடு மண்ணாகப் போய்விடும். எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் போனேன். பலகை கரையில் கிடந்தது. பாதாளக்கரண்டியும் கயிறும் அவர் விழுந்த அன்றைக்குக் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அவற்றைத் தாண்டி நடந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். தோட்டத்துக் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து இரண்டு காலையும் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். பிறகு வலது காலை வைத்தேன், இடது காலை வைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. வண்டல் புகை மாதிரி கிளம்பிப் பாதத்தைச் சுற்றிக்கொண்டது, மீன்கள் அந்தப் பக்கம் ஓடி ஒதுங்கின. குனிந்து முதல் தொட்டியைப் பிடித்தேன். தண்ணீருக்குள் கனமே தெரியவில்லை. இரண்டு கையால் தூக்கிக் கரையில் வைத்தேன். அடுத்தது, அதற்கடுத்தது. இத்தனை வருஷப் பொங்கலையும் தின்ற வேலை, காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் சொன்னதுதான் சரி. முதல் நாளிலிருந்து நான் சொன்னதுதான் சரி.

"பாருங்க சார், எறங்கிட்டேன்" என்று சத்தமாகவே சொன்னேன்.

குளத்தின் நடுவில் நின்றுகொண்டு கரையைப் பார்த்தேன். அந்த மனிதருக்கு இது கேட்காமல் இருக்காது. வாசலிலிருந்தோ, கொல்லையிலிருந்தோ, "டீச்சர், காலு" என்று ஒரு கூச்சல் வந்தாக வேண்டும். நான் திரும்பிக் கத்துவதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். வண்டல் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. யாரும் கத்தவில்லை. அங்கேதான், முழங்கால் தண்ணீரில் நின்றபடி, அடக்கத்தன்று வராத அழுகை எனக்கு வந்தது. ஜெயித்துவிட்டேன், அதை யாரிடம் போய்ச் சொல்வேன் சார்?

லாரி வந்தது. குளம் இருந்த இடம் இப்போது சமமாக இருக்கிறது. மீன்களும், அவர் எலும்பு போட்டு வளர்த்த கிழங்குகளும் என் வீட்டுச் சிமெண்ட் தொட்டிகளில் இருக்கின்றன. கண்மாய்க் களிமண்தான் போட்டிருக்கிறேன், மேலே கூழாங்கல் பரப்பியிருக்கிறேன், நல்ல வெயிலில் வைத்திருக்கிறேன். வெள்ளை அல்லி போன வாரம் முதல் மொட்டு விட்டது. சாயங்காலம் விரிந்தது, மறுநாள் வெயில் ஏறியதும் மூடிக்கொண்டது. நேரத்தைப் பார்த்து வைத்தேன், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை அந்தச் செடியும் அந்தத் துரட்டியும்தான். கைக்கு எட்டுகிற தொட்டிக்குத் துரட்டி எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். நியாயமான கேள்வி. பழுத்த இலையை அதனால்தான் எடுக்கிறேன், எடுக்கும்போதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கிழங்குகள் என் தொட்டிகளுக்கு அதிகமாகவே இருக்கின்றன. அவரிடம் வாங்கிப் போய்ச் சாகடித்தவர்களுக்கு இன்னொரு தடவை தரலாம் என்றிருக்கிறேன். வேண்டுமென்பவர்கள் வரலாம். தொட்டி பக்கம் போவதற்கு முன்னால் குழாயடியில் காலைக் கழுவிவிட்டு வாருங்கள்.